நிலக்கரி ஸ்லரியில் ஓடிய 7எஃப்டிஎல் டீசல் இன்ஜின்: ஏன் மெயின் லைனுக்கு வரவில்லை?

சரக்குப்பெட்டி:
1980களில் அமெரிக்க எரிசக்தித் துறை பணம் கொடுக்க, ஜி.ஈ. (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனம் தன் 7எஃப்டிஎல் ரயில் லோகோ டீசல் இன்ஜினை நிலக்கரியில் ஓட்டியது. நைசாக அரைத்த கரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்த ஸ்லரிதான் எரிபொருள். நீராவியும் இல்லை, பாய்லரும் இல்லை. சாதாரண டீசல் சைக்கிள். முதலில் ஒற்றை சிலிண்டரில் சோதனை, பிறகு 12 சிலிண்டர் இன்ஜின், 1990களின் தொடக்கத்தில் ஜி.ஈ.யின் தொழிற்சாலை ஊரான ஈரியில் உள்ள சோதனைத் தண்டவாளத்தில் லோகோவாகவே ஓட்டம். கரி 99%க்கு மேல் எரிந்தது என்றும் அறிக்கைகளில் இருக்கிறது. இவ்வளவும் நடந்தபின் ஏன் நின்றது? எண்ணெய் விலை விழுந்ததுதான் காரணம் என்று எங்கும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இயந்திரப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேய்மானம்தான் சிக்கல் என்றால், கரியை இன்னும் நைசாக அரைத்தால் தீராதா?

தூள்கரி:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. அந்த ஸ்லரியில் கரித்துகளின் சராசரி அளவு ஏற்கெனவே 5 மைக்ரானை ஒட்டித்தான் இருந்தது. அனல் மின்நிலையத்தில் எரியும் தூள் இதைவிடப் பத்து மடங்கு பருமன். ஆனால் சிலிண்டருக்குள் எரிவது 5 மைக்ரான் துகள் அல்ல.

இன்ஜெக்டரின் முனையான நாசிலிலிருந்து ஸ்லரி துளிகளாக வெளியே வருகிறது. 50 மைக்ரான் துளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான கரித்துகள்கள் இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும். எடையில் பாதி கரி என்றால் கன அளவில் சுமார் 42%. கனமூலம் எடுத்தால் உருண்டையின் விட்டம் துளியின் முக்கால் பங்கு, அதாவது 40 மைக்ரானை ஒட்டி வரும். கரியில் உள்ள வாயுக்கள் வெளியேறும்போது அது இளகிப் பிறகு இறுகினால் இன்னும் கெட்டியான கரிக்கட்டை மிஞ்சும். எரிய வேண்டியது அதுதான்.

எரியும் நேரம், வேதிவினை வேகத்தால் கட்டுப்பட்டால் விட்டத்துக்கு நேர்விகிதம். ஆக்சிஜன் வந்து சேரும் வேகத்தால் கட்டுப்பட்டால் விட்டத்தின் வர்க்கத்துக்கு. 5 மைக்ரானிலிருந்து 40க்குப் போனால் 8 மடங்கு முதல் 64 மடங்கு வரை. ஆகவே அரவையை 5லிருந்து 3க்குக் கொண்டுபோவதால் பெரிய லாபம் இல்லை. துளி சிறிதாக வேண்டும். துளியைச் சிறிதாக்குவது நாசில் துளையும் அழுத்தமும். எல்லாச் சிக்கலும் சுற்றிச் சுற்றி அந்தத் துளைக்கே வரும்.

இன்னொன்று: மிக நைசாக அரைத்தால் துகள்களின் மொத்தப் பரப்பு கூடி, அதே திடப்பொருள் விகிதத்தில் ஸ்லரி கெட்டியாகும். இளக்க, தண்ணீரைக் கூட்ட வேண்டும். அரவைச் செலவு ஏறும், எரிபொருளின் சக்தி இறங்கும்.

கணக்கன்:
எண்களாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 16 சிலிண்டர் 7எஃப்டிஎல், 4000 எச்.பி., 1050 ஆர்.பி.எம். என்று வைப்போம். கிலோவாட் மணிக்கு 200 கிராம் டீசல் என்றால் மணிக்கு சுமார் 600 கிலோ. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரிபொருள் பாயும் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் சிலிண்டருக்கு நிமிடத்தில் 525 இன்ஜெக்‌ஷன். 16 சிலிண்டருக்கு மணிக்கு 5,04,000. ஒரு தடவைக்கு 1.2 கிராம், அதாவது 1.4 மில்லி டீசல்.

ஸ்லரிக்கு: பாதி கரி, கிலோவுக்கு 33 மெகாஜூல். தண்ணீரை ஆவியாக்கும் வெப்பத்தைக் கழித்தால் ஸ்லரியில் கிலோவுக்கு 15.3 மெகாஜூல் கிடைக்கும். டீசலுக்கு 42.7. ஆக அதே வேலைக்கு எடையில் 2.8 மடங்கு, அடர்த்தி கூடுதல் என்பதால் கன அளவில் சுமார் 2.1 மடங்கு. ஒரு தடவைக்கு 2.9 மில்லி தள்ள வேண்டும், அதுவும் ஏறக்குறைய அதே நேரத்துக்குள். 1050 ஆர்.பி.எம்.மில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு டிகிரி சுற்ற 0.16 மில்லிசெகண்ட், 30 டிகிரிக்கு 5 மில்லிசெகண்ட்கூட முழுசாக இல்லை. தண்ணீர் ஆவியாகி, கரி சூடாகி, வாயு வெளியேறி, கட்டை எரிந்து முடிய மொத்தம் 10 மில்லிசெகண்ட் கிடைத்தால் அதிகம்.

டேங்க் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 5000 அமெரிக்க காலன் டீசல் சுமார் 16 டன். அதே தூரம் போக 45 டன் ஸ்லரி, கிட்டத்தட்ட 39,000 லிட்டர். லோகோவின் அடியில் இடம் கிடையாது, தனி டெண்டர் (லோகோவோடு இழுத்துப்போகும் எரிபொருள் வண்டி) வேண்டும். நீராவி லோகோவிலிருந்து தப்பித்து வந்தவர்களுக்கு மறுபடியும் டெண்டர்!

ஷெட்_மெக்கானிக்:
இன்ஜெக்டரைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரண பம்பில் ஸ்லரியை ஊற்றினால் பிளஞ்சர் (பம்புக்குள் ஏறி இறங்கும் தண்டு) இறுகிப்போகும். தேய்மானத்துக்கு முன்பே நடப்பது இது. பிளஞ்சருக்கும் அதன் உறையான பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அழுத்தம் ஏறியதும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகக் கசிந்து போய்விடும், கரி மட்டும் பின்தங்கி இட்லி மாவை வடிகட்டியதுபோல் கெட்டிப்படும். நாசிலைத் திறந்து மூடும் நீடிலிலும் அதே கதை. டீசல் தன்னாலேயே உயவு கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது.

அதற்குச் செய்த ஏற்பாடு: பம்ப் டீசலை மட்டுமே தள்ளும். டீசலுக்கும் ஸ்லரிக்கும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன். பம்ப் அடிக்கும் டீசல் அந்தப் பிஸ்டனின் ஒரு முகத்தைத் தள்ள, மறுமுகம் ஸ்லரியை நாசிலுக்குத் தள்ளும். நீடில் இடைவெளிக்குள் ஸ்லரியைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் சீல் ஆயிலைக் கொடுக்க வேண்டும். கசிந்தால் எண்ணெய் ஸ்லரிக்குள் கசியட்டும், ஸ்லரி எண்ணெய்க்குள் வரக்கூடாது. அந்த அழுத்த வித்தியாசம் ஒரு கணம் தலைகீழானாலும் நீடில் பிடித்துக்கொள்ளும். நீடில் திறந்தபடி நின்றால் 2.9 மில்லி என்ற கணக்கே போச்சு, சிலிண்டரில் ஸ்லரி கொட்டி லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) உள்ள ஆயிலைக் கழுவிவிடும்.

பிறகு அக்யுமுலேட்டர் வகை இன்ஜெக்டருக்குப் போனார்கள். அழுத்தத்தை முன்கூட்டியே சேமித்து வைத்து, எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் திறப்பது. ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுத்தம் ஏற்றும் ஜெர்க் பம்பில் இன்ஜெக்‌ஷன் தொடங்கும்போதும் முடியும்போதும் அழுத்தம் குறைவாக இருக்கும். டீசலில் அது கொஞ்சம் புகையோடு போய்விடும், ஸ்லரியில் அந்தத் தொடக்க, முடிவுத் துளிகள்தான் பெரிய துளிகள். முன்பே சேமித்த அழுத்தமானால் முதல் துளியே உயர் அழுத்தத்தில் புறப்படும்.

சரக்குப்பெட்டி:
நாசில் துளை எவ்வளவு நேரம் தாங்கும் சார்? வைரம் வைத்தார்கள் என்று படித்தேன், நிஜமா?

ஷெட்_மெக்கானிக்:
நிஜம்தான். நகை வைரம் அல்ல, டூல் வேலைக்குப் பயன்படும் செயற்கை வைரத்தூளை அழுத்திக் கெட்டியாக்கிய கட்டி. அதில் துளை போட்டு நாசில் முனையில் பொருத்தினார்கள். கடினப்படுத்திய எஃகுத் துளை மணிக்கணக்கில்தான் தாங்கும். அப்படி ஒரு நாசிலை வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது.

துளை தேய்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0.40 மி.மீ. துளை 0.48 ஆனால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு 44% கூடிவிடும். அதே அளவு ஸ்லரி குறைந்த அழுத்தத்தில் போகும், துளி பெரிதாகும், மேலே தூள்கரி சொன்ன உருண்டை பெரிதாகும், எரியாத கரி மிஞ்சும். அந்தக் கரி லைனர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்குக்கு அடியில் போய், ஆயிலில் இறங்கும். லைனர் தேய்ந்துவிட்டது என்று லைனரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். தொடக்கம் நாசிலில் இருக்கும். துளைகள் எல்லாம் ஒரே மாதிரியும் தேயாது. ஒரு பக்கத் துளை பெரிதானால் அந்தப் பக்க ஸ்ப்ரே நேராகச் சுவரில் போய் மோதும்.

தூள்கரி:
எது தேய்க்கிறது என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். நாசிலுக்குள் தேய்ப்பது கரிக்குள் இருக்கும் தாதுக்கள். குவார்ட்ஸ் இருக்கிறது, பைரைட் இருக்கிறது, கரி மென்மையானதுதான். எரிந்தபின் சாம்பலாக மிஞ்சும் சிலிக்காவும் அலுமினாவும் ரிங், லைனர் பக்கம் வேலை காட்டும். குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1000ஐ ஒட்டி. லைனர் வார்ப்பிரும்பு 200, 250. குரோம் பூச்சு குவார்ட்ஸுக்குச் சமமாகக்கூட உறுதியாக நிற்காது. அதனால்தான் ரிங்கிலும் லைனரிலும் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. இரண்டிலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் மற்றது பலியாகும்.

சாம்பல் எவ்வளவு என்று கணக்கன் அண்ணன் கணக்குப்படியே: மணிக்கு 1,670 கிலோ ஸ்லரி, 830 கிலோ கரி. சாம்பல் 1% என்றாலே மணிக்கு 8 கிலோவுக்கு மேல். பத்து மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை மூட்டை சிமெண்ட் எடைக்குச் சாம்பல் சிலிண்டர்கள் வழியாகப் போகிறது. பெரும்பகுதி எக்ஸாஸ்ட்டில் போய்விடும்; ஆயிலில் இறங்கும் சிறுபங்கே பேரிங்கைக் கெடுக்கப் போதும். ஆயில் ஃபில்டரோடு சென்ட்ரிஃபியூஜும் கட்டாயம்.

இருப்புப்பாதை:
இதையெல்லாம் ஜி.ஈ.தான் முதலில் கண்டுபிடித்ததுபோல் பேசுவது சரியில்லை. ருடால்ஃப் டீசலே தன் காப்புரிமையில் கரித்தூளைச் சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை செய்த பாவ்லிகோவ்ஸ்கி, கெர்லிட்ஸ் நகரில் 1911இல் இந்த வேலையைத் தொடங்கி 1916இல் கரித்தூள் இன்ஜினை ஓட்டிவிட்டார். உலர்ந்த தூள், தண்ணீர் இல்லை. இரண்டாம் உலகப்போர் வரை ஜெர்மனியில் பல கம்பெனிகள் முயன்றன. அங்கேயும் ரிங்கும் லைனரும்தான் காலை வாரின.

தூள்கரி:
மறுக்கவில்லை. ஆனால் உலர் தூளை லோகோவில் எடுத்துப்போவதில் வேறு தலைவலி. காற்றோடு கலந்தால் வெடிக்கும், குழாயில் பாலம் கட்டி அடைக்கும், ஒரு ஸ்ட்ரோக்குக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது கடினம். பாவ்லிகோவ்ஸ்கி இன்ஜின்கள் 1050 ஆர்.பி.எம்.மில் சுற்றவும் இல்லை. ஸ்லரி என்றால் பம்ப் செய்யலாம், சிந்தினால் கழுவலாம், தீப்பிடிக்காது. எண்ணெயில் கரியைக் கலப்பது இன்னொரு வழி. அதில் பாதி எண்ணெயை எரிக்கத்தான் வேண்டும் என்றால் இத்தனை பாடு எதற்கு?

நிலைப்பு இன்ஜின்களுக்கு இது எளிது என்பதையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் கூப்பர்-பெஸ்ஸமர் நிறுவனம் மின் உற்பத்திக்கான 400 ஆர்.பி.எம். இன்ஜினில் இதே ஸ்லரியை எரித்தது. எரிய இரண்டரை மடங்கு நேரம், சுவரும் தள்ளி இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: ஜி.ஈ.யின் எஃப்டிஎல் இன்ஜினின் மூல வடிவமே கூப்பர்-பெஸ்ஸமருடையது.

இருப்புப்பாதை:
டர்பைன் வழியையும் பார்த்துவிட்டார்கள். யூனியன் பசிபிக் 1962இல் 80ஆம் எண் கரி டர்பைன் லோகோவை ஓட்டியது. சாம்பல் டர்பைன் பிளேடைத் தின்றது, அதில் கட்டியாகவும் படிந்தது. சில ஆயிரம் மைல்களில் கதை முடிந்தது. அதற்குப் பிறகும் ஸ்லரி டீசலில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது) இருக்கிறதே, அது பிளேடு இல்லையா?

ஷெட்_மெக்கானிக்:
சரியான கேள்வி. டர்பைன் லோகோவில் எரிந்தது எல்லாம் முழு வேகத்தில் பிளேடு வழியாகப் போயாக வேண்டும், சக்தியே அதிலிருந்துதான். டீசலில் சக்தி பிஸ்டனில் எடுக்கப்பட்டுவிடும், டர்போவுக்கு மிச்சம்தான் போகும். சாம்பலும் அதற்குள் நைசாகிக் குளிர்ந்திருக்கும். இருந்தாலும் டர்போவின் நாசில் ரிங் (வாயுவைப் பிளேடுக்குத் திருப்பும் வளையம்) தேயும், பிளேடில் படியும். எக்ஸாஸ்ட் ஃபில்டரை டர்போவுக்கு முன் வைத்தால் டர்போ பிழைக்கும், வாயுவும் அழுத்தத்தில் இருப்பதால் ஃபில்டர் சிறியது. ஆனால் ஃபில்டரின் இரும்பு சூடாகிற வரைக்கும் டர்போ வேகம் பிடிக்காது, நாட்ச் (லோகோவின் சக்திப்படி) ஏற்றும்போது இன்ஜின் மூச்சுத்திணறும். பின்னால் வைத்தால் அந்தத் தாமதம் இல்லை, ஆனால் ஃபில்டர் பெரிது, டர்போவுக்குப் பாதுகாப்பும் இல்லை. லோகோவின் கூரைக்குள் இடம் தேடுவது தனிப் போராட்டம். ஜி.ஈ. உறை வடிவ ஃபில்டரைச் சூடான வாயுவில் வைத்து, கந்தகத்துக்குச் சோடியம் பைகார்பனேட் மாதிரியான உறிஞ்சு பொருள்களையும் சோதித்தது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் டீசலைவிடக் கணிசமாகக் குறைவு. தண்ணீர் சுடரைக் குளிர்விப்பதால் கிடைத்த இனாம் அது.

பொன்மலை_ரசிகன்:
நம் ஆல்கோ 251 இன்ஜினின் சிலிண்டரும் 228.6 × 266.7 மி.மீ. தானே? இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோவில் இருந்த அதே இன்ஜின். 7எஃப்டிஎல் அளவும் அதுவே. அப்படியானால் இந்தியாவில் கரி கொட்டிக் கிடக்கும்போது இதை ஏன் செய்யவில்லை?

தூள்கரி:
சிலிண்டர் விட்டமும் (போர்) பிஸ்டன் ஓடும் நீளமும் (ஸ்ட்ரோக்) ஒன்றுதான், அதோடு ஒற்றுமை முடிந்தது. தடை கரியில் இருக்கிறது தம்பி. அமெரிக்கச் சோதனைக்கு எடுத்தது கென்டக்கியின் புளூ ஜெம் மாதிரி இயல்பிலேயே சாம்பல் குறைந்த கரி. அதையும் சுத்திகரித்து 1% அருகே கொண்டுவந்தார்கள். நம் அனல் மின்நிலையக் கரியில் சாம்பல் 30 முதல் 45%. அதுவும் கரியோடு நெருங்கிப் பின்னிக் கிடக்கிறது, சலவை செய்தால் போகிற மண் அல்ல. அசாம் கரியில் சாம்பல் குறைவு, ஆனால் கந்தகம் அதிகம், பெரும்பகுதி கரியின் மூலக்கூறிலேயே பிணைந்திருப்பதால் கழுவ முடியாது. நெய்வேலி பழுப்புக்கரியில் சாம்பல் பரவாயில்லை. ஆனால் வெட்டும்போதே பாதி எடை ஈரம், துகளின் நுண்துளைகளுக்குள் நிற்கும் ஈரம். அதை அரைத்து ஸ்லரி ஆக்கினால் ஓடும் பதத்துக்கு வரும்போது உள்ளே கரி மிகக் குறைவாக இருக்கும். அழுத்தத்தில் வேகவைத்து அந்த ஈரத்தைப் பிழிந்தால்தான் வழி. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ பிற்பாடு கரி ஸ்லரி இன்ஜின் ஆய்வை எடுத்தபோது விக்டோரியா பழுப்புக்கரிக்கு இந்த வழியைப் பார்த்தது. அதுவும் மின் உற்பத்திக்கு, லோகோவுக்கு அல்ல.

கணக்கன்:
இதுதான் பணக் கணக்கின் நடுப்புள்ளியும். 'கரி மலிவு' என்பது சுரங்க வாயிலில் உள்ள கரிக்கு. இன்ஜினுக்குப் போவது ஆழமாகச் சுத்திகரித்து, 5 மைக்ரானுக்கு அரைத்து, கரி பிரிந்து படியாமல் இருக்க மருந்து கலந்து, சூடாக்கிய டேங்கில் கலக்கிக்கொண்டே வைத்திருந்த பொருள். அதன் மேல் லோகோவின் கூடுதல் விலை, டெண்டர், ஒவ்வொரு ஷெட்டிலும் ஸ்லரி நிரப்பும் வசதி, ரிங், லைனர், நாசில் மாற்றும் செலவு. பர்லிங்டன் நார்தர்ன், நார்ஃபோக் சதர்ன் ரயில்வேக்களோடு ஜி.ஈ. முதலில் செய்த ஆய்வின் அடிப்படையே டீசல் விலை ஏறிக்கொண்டே போகும் என்பது. 1985 மார்ச்சில் எரிசக்தித் துறையின் மூன்றாண்டு ஒப்பந்த வேலை தொடங்கியது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. ஆகவே 'எண்ணெய் விலைதான் காரணம்' என்பது பொய்யில்லை.

ஷெட்_மெக்கானிக்:
பொய்யில்லை, ஆனால் பாதி. விலை ஏறியிருந்தாலும் லோகோவின் வேலைமுறை இதற்கு ஒத்துவராது. அமெரிக்கச் சரக்கு லோகோவுக்கு அவர்களுடைய சுற்றுச்சூழல் அமைப்பு பிற்பாடு வகுத்த அட்டவணையில் ஐடில் 38% நேரம், டைனமிக் பிரேக் 12.5%, எட்டாவது நாட்ச் 16.2% மட்டுமே. ஐடிலில் சிலிண்டர் குளிர்ந்து கிடக்கும். ஸ்லரி பற்றாது, பற்றினாலும் பாதியில் அணையும். ஆகவே கீழ் நாட்சுகளில் டீசல், மேலே ஸ்லரி. மேலேயும் பற்றவைக்கச் சிறிதளவு பைலட் டீசல் வைப்பது பாதுகாப்பு. இரண்டு எரிபொருள், இரண்டு இன்ஜெக்‌ஷன் அமைப்பு, ஒரே சிலிண்டர் ஹெட்டில்.

கணக்கன்:
நேரத்தில் 16% என்றாலும் எரிபொருளில் எட்டாவது நாட்சின் பங்கு பாதிக்கு மேல். மேல் மூன்று நாட்சுகளைச் சேர்த்தால் நான்கில் மூன்று பங்கு. மேலே மட்டும் கரி எரித்தாலே டீசல் பெருமளவு மிச்சமாகும்.

ஷெட்_மெக்கானிக்:
ஒப்புக்கொள்கிறேன், சேமிப்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை எட்டிலிருந்து கீழே இறங்கும்போதும் ஸ்லரி லைனை என்ன செய்வது? சிக்னலில் லோகோ எத்தனை முறை நிற்கும்?

சரக்குப்பெட்டி:
அந்த மாற்றத்தைக் கொஞ்சம் விளக்குங்கள் சார். சும்மா வால்வை மூடினால் போதாதா?

ஷெட்_மெக்கானிக்:
போதாது. ஸ்லரி நின்றால் படியும். இன்ஜெக்டர் முனையில் ஹெட்டின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் கரி கல்லாகும். ஸ்டார்ட் டீசலில். தண்ணீர், ஆயில் சூடேறி, மேல் நாட்சில் நிலைத்தபின்தான் ஸ்லரியைத் திறக்க வேண்டும், அதற்கு முன் சீல் ஆயில் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஸ்லரி குழாய்கள் முட்டுச்சந்தாக முடியக்கூடாது. இன்ஜெக்டருக்குத் தேவைக்குமேல் அனுப்பி, மிச்சம் டேங்குக்குத் திரும்பும் சுற்று. ஃபில்டர் நைசாக வைக்க முடியாது, கரியையே பிடித்துவிடும். கட்டிகளைப் பிடிக்கும் வலை மட்டும், அதையும் ஓடும்போதே மாற்ற இரட்டையாக.

குறுகிய நிறுத்தத்துக்குச் சுற்றை ஓடவிட்டு, இன்ஜெக்டரை மட்டும் டீசலால் கழுவினால் போதும். அணைப்பதென்றால் முதலில் டீசலுக்கு மாறி, இன்ஜெக்டரிலும் மிதக்கும் பிஸ்டன் அறையிலும் உள்ள ஸ்லரி முழுவதும் சிலிண்டரில் எரிந்து தீரும் வரை ஓட்டி, குழாய்களில் இருப்பதைத் தண்ணீரால் டேங்குக்குத் தள்ளி, பிறகு நிறுத்த வேண்டும். அந்தத் தண்ணீர் டேங்கில் உள்ள ஸ்லரியை நீர்க்கச் செய்யும் என்பதால் தனியாகப் பிடிப்பது நல்லது. சீல் ஆயிலைக் கடைசியில்தான் மூட வேண்டும். அவசர நிறுத்தத்தில் இந்த வரிசை நடக்காது. அப்போது 12 இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. குளிர்காலத்தில் ஈரி மாதிரி ஊரில் டெண்டர் முதல் இன்ஜெக்டர் வரை ஹீட்டர் சுற்றாவிட்டால் பாதி எடை தண்ணீராக உள்ள எரிபொருள் உறைந்துவிடும். உருகியபின் பதம் பழையபடி வராது, மருந்து பிரிந்து அடியில் கெட்டியாக நிற்கும்.

தூள்கரி:
மருந்து பற்றி ஒரு சேர்க்கை. இரண்டு வேண்டும்: துகள்களைப் பிரித்து வைக்க லிக்னோசல்ஃபொனேட் மாதிரி ஒன்று, படியாமல் தாங்க சாந்தன் கோந்து மாதிரி ஒன்று. டேங்கில் கெட்டியாக நின்று, பம்பில் கலக்கும்போது இளக வேண்டும். அதோடு சோதனை முடிந்தது என்று விட்டுவிடக்கூடாது. நாசில் துளைக்குள் உள்ள வேகத்தில் சில ஸ்லரிகள் இளகுவதற்குப் பதில் திடீரென்று இறுகும். ஆய்வகத்தின் சாதாரண விஸ்காமீட்டர் (கெட்டித்தன்மையை அளக்கும் கருவி) அந்த வேகத்தை எட்டாது, மெல்லிய குழாய் வழியே தள்ளி அளக்கும் கேப்பிலரி வகையில்தான் தெரியும். டேங்கில் அருமையாக இருந்த ஸ்லரி இன்ஜினில் பெரிய துளியாகக் கொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது அது.